ஐந்தும் ஒன்று

வெள்ளவத்தைச் சந்தையில் நான் தோடம்பழம் எண்ணி எடுப்பதைப் பார்த்தால் கடைக்கார நானாவுக்குச் சிரிப்பு வந்துவிடும். "நாலு, ஐஞ்சு, ஐஞ்சும் ஒண்டு, ஏழு" என்றுதான் எண்ணுவேன். "ஐயாக்கு ஆறோட என்ன கோவம்?" என்று அவர் கேட்பார். நானும் சிரித்துவிட்டுப் பையை நீட்டுவேன். பல வருஷமாக இந்த விளையாட்டு நடக்கிறது.

போன மாதம் என்னோடு சந்தைக்கு வந்த ஒரு இளம் நில அளவையாளர் சிரிக்கவில்லை. நான் ஓய்வு பெற்ற அதே கந்தோரில்தான் அவருக்கு வேலை. பழைய அளவைச் சங்கிலிகளையெல்லாம் ஸ்டோரில் போட்டுப் பூட்டிவிட்டார்கள், இனி எல்லாம் மீட்டர் கணக்கு என்று எனக்குச் சொல்வதற்காக வந்தவர். "சேர், கந்தோரில பழைய ஆக்கள் சில பேரும் இப்பிடித்தான் எண்ணினவையாம். ஏன் சேர்?" என்று கேட்டார்.

"சும்மா ஒரு பழக்கம் தம்பி" என்றேன்.

வீட்டுக்கு வந்து பழங்களைக் கூடையில் போடும்போது மனம் உறுத்தியது. இந்த விஷயத்தில் நான் முன்பும் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். அதோடு இதையும் சேர்த்துக்கொண்டு சாக விருப்பமில்லை. அந்தத் தம்பிக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது வெள்ளவத்தையில், கடற்கரை ரயில் போகும் சத்தம் வீட்டுக்குள் கேட்கும் இடத்தில். எனக்குத் தெரிந்த பெரிய காடு ஹெவ்லொக் டவுனில் ஒரு டாக்டர் வீட்டு மாந்தோப்புத்தான். கடலுக்குப் பக்கத்தில் வளர்ந்தும் நீந்தத் தெரியாது. நில அளவைப் பரீட்சை எழுதினேன், எடுபட்டேன், இரண்டு வருஷம் பழகினேன். பயிற்சிக் காலத்தைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. மத்தியாஸ் ஐயாவைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

மத்தியாஸ் ஐயா எங்களுக்கெல்லாம் மேலதிகாரி. கொட்டாஞ்சேனைக்காரர். ஒல்லியான மனிதர், சட்டைப்பையில் எப்போதும் கராம்பு வைத்திருப்பார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதேயில்லை. எங்களை "தம்பி, நீர்" என்று பேசுவார். கோபம் வந்தால் மட்டும் "நீர்" போய் "நீங்கள்" வரும். மேலதிகாரி மரியாதை கூட்டிப் பேசினால் குலை நடுங்குகிற கந்தோர் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

கந்தோர் முற்றத்தில் இரண்டு கருங்கற்கள் புதைத்திருந்தார்கள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பித்தளைக் குமிழ். ஒன்றிலிருந்து மற்றதற்குச் சரியாக இருபத்திரண்டு யார், அறுபத்தாறு அடி, அதாவது ஒரு சங்கிலி நீளம். வெளியே அளக்கப் போகிறவர்கள் போகுமுன் தங்கள் சங்கிலியை அந்தக் கற்களுக்கிடையே நீட்டிப் பார்க்க வேண்டும். திரும்பி வந்ததும் மறுபடி பார்க்க வேண்டும். அந்த வேலையை மத்தியாஸ் ஐயா யாரிடமும் விடமாட்டார். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, வெயிலில் காய்ந்த முற்றத்தில் காலுறையோடு நடந்து, நூறு கண்ணியையும் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்ப்பார். ஒரு கண்ணி வளைந்திருந்தாலும் வளையம் வாய் திறந்திருந்தாலும் அவர் விரல் கண்டுபிடித்துவிடும்.

அவர் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னவை இரண்டு. முதலாவது: "காதால அளக்காதேயும் தம்பி, கையால அளவும்." சங்கிலியின் முன் பிடியை ஒருவர் இழுத்துக்கொண்டு போவார், பின் பிடியை மற்றவர் வைத்திருப்பார். முழுச் சங்கிலியும் நீண்டதும் முன்னால் போகிறவர் நிலத்தில் ஒரு இரும்புக் கம்பியைக் குத்தி, எத்தனையாவது என்று கத்துவார். பின்னால் நிற்கிறவர் அதே எண்ணைத் திருப்பிச் சொல்லி, "போ" என்பார். ஆனால் அப்படிச் சொல்லுமுன் தன் கையில் சங்கிலி விறைப்பாக இருக்கிறதா என்று உணர வேண்டும். காட்டில் முன்னால் போகிற ஆள் தெரியமாட்டார். குரல்தான் வரும். குரலை மட்டும் நம்பக்கூடாது என்பது அவர் சட்டம்.

இரண்டாவது: அளவுப் புத்தகத்தில் எதையும் அழிக்கக்கூடாது. பிழை எழுதினால் அதன்மேல் ஒரு கோடு கீறி, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும்.

இரண்டையும் ஒரே நாளில் மீறினவன் நான்.

உலக யுத்தம் முடிந்திருந்தது, வெள்ளைக்காரர் இன்னும் போகவில்லை. வன்னியில் பழைய குளங்களைத் திருத்தி ஆட்களைக் குடியேற்றப் போகிறார்கள், காணி அளக்க வேண்டும் என்று என்னை அனுப்பினார்கள். அங்கே எந்தக் காலத்திலும் நினைத்தபடி போக முடியாது. மாரியில் முழுக் காடும் தண்ணீருக்குள். கோடையில் குடிக்கத் தண்ணீரில்லை. தை பிறந்து வெள்ளம் வடியத் தொடங்கும்போது உள்ளே புகுந்தால்தான் வேலையை முடிக்கலாம்.

வெள்ளம் வடிவது நல்ல செய்தி என்று கொழும்பில் இருந்தபோது நினைத்தேன். முதல் வாரத்திலேயே அந்த எண்ணம் போய்விட்டது. மேலே காய்ந்து வெடித்த மண். காலை வைத்தால் தொடை வரை சேறு. குட்டைகள் வற்ற வற்ற முதலைகள் வேறு தண்ணீர் தேடி நாங்கள் நடக்கிற பாதையிலேயே நடந்து போகும். காலையில் வால் இழுபட்ட தடம் கிடக்கும். எல்லாவற்றிலும் பொல்லாதது ஆறுதான். வானம் நீலமாக இருக்கும், ஒரு துளி மழை இருக்காது, எங்கோ மேலே ஒரு உடைந்த குளத்தின் கட்டு இன்னும் கொஞ்சம் கரைந்து விழும். முழங்கால் தண்ணீர் ஒரு பீடி குடிக்கிற நேரத்தில் கழுத்துக்கு வரும். நான் ஒவ்வொரு நாளும் பயந்தேன். வெளியே காட்டிக்கொள்ளாமல் இருக்க அதிகாரக் குரலில் பேசப் பழகினேன். பயந்தவனுக்கு அதிகாரம் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே உதாரணம்.

எனக்குச் சங்கிலி பிடிக்க இருவர் இருந்தார்கள். முன்னால் கணபதியர், பின்னால் செல்லையா. கூடாரம், சாமான்களைப் பார்க்க வேறு இருவர். கணபதியர் வன்னி ஆள், ஐம்பது வயதிருக்கும். எனக்கு இருபத்துநாலு. நான் அவரை "நீ" என்பேன், அவர் என்னை "ஐயா" என்பார். அன்றைய அரசாங்க வழக்கம் அது. இப்போது எழுதும்போது "அவர்" என்று தானாக வருகிறது. அப்போது வரவில்லை.

இவர்கள் காட்டுக்குள் யானை என்ற சொல்லைச் சொல்லமாட்டார்கள். "பெரியவர் நிக்கிறார்", "பெரியவர் இதால போயிருக்கிறார்" என்பார்கள். சொன்னால் வந்துவிடுமாம். சந்தி கண்ட இடமெல்லாம் ஒரு கொப்பு முறித்துப் பிள்ளையாருக்குப் போடாமல் தாண்டமாட்டார்கள். இங்கிலீஷ் படித்த எனக்கு இதெல்லாம் சிரிப்பு. ஆனாலும் பெரியவர் விஷயத்தில் நானும் வாயைத் திறக்கவில்லை.

அதே இருவரும் சங்கிலி எண்ணும்போது "நாலு, ஐஞ்சு, ஐஞ்சும் ஒண்டு, ஏழு" என்று எண்ணினார்கள். முதல் நாள் கேட்டபோது காதில் பிழையென்று நினைத்தேன். இரண்டாம் நாளும் அப்படியே. கூப்பிட்டேன்.

"என்ன கணக்கு இது? ஆறு எண்டு சொல்ல வராதோ?"

"வரும் ஐயா. இது எங்கட வழக்கம்" என்றார் கணபதியர்.

"ஏன், ஆறு எண்டு சொன்னா ஆறு வந்து அள்ளிக்கொண்டு போயிடுமோ?"

செல்லையா கீழே பார்த்தார். கணபதியர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு குனிந்து கம்பிகளைப் பொறுக்கத் தொடங்கினார். யானைக்குப் பெரியவர் என்பதுபோல இதுவும் ஒரு மூடநம்பிக்கை என்று நான் முடிவு கட்டினேன்.

"நாளையிலிருந்து பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எண்ணுற மாதிரி எண்ண வேணும். இது அரசாங்க வேலை."

"ஓம் ஐயா" என்றார். மறுநாளிலிருந்து ஆறு என்றே எண்ணினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

பத்துப் பன்னிரண்டு நாள் கழிந்தன. ஒரு காலை செல்லையாவுக்குக் காய்ச்சல் கண்டு எழும்ப முடியவில்லை. மற்ற இருவரும் அவரையும் சாமான்களையும் தூக்கிக்கொண்டு அடுத்த முகாம் இடத்துக்குப் போனார்கள். அன்று கோட்டில் நாங்கள் இருவர் மட்டும். பின் பிடியை நானே பிடித்தேன்.

முந்திய வருஷம் வேறொருவர் வெட்டிய பழைய கோடு அது. மாரியில் புல் ஆளை மறைக்கிற உயரத்துக்கு வளர்ந்து மூடிவிட்டது. கணபதியர் கத்தியால் வெட்டி வெட்டி முன்னே போவார். நாலு அடிக்கு அப்பால் அவர் எனக்குத் தெரியமாட்டார். பழைய வரைபடத்தில் அந்தப் பக்கம் ஒரு சின்ன ஓடை இருந்தது, இன்னும் ஏழெட்டுச் சங்கிலி தள்ளி. அந்த மாரியில் ஆறு கரையை உடைத்து அந்த ஓடைக்குள் இறங்கியிருந்தது எங்களுக்குத் தெரியாது.

மூன்றாவது கம்பியடியில் யானை லத்தி கிடந்தது. ஆவி பறந்தது. கணபதியர் முன்னாலிருந்து மெல்லச் சொன்னார்: "பெரியவர் கிட்டத்தான் ஐயா. சத்தம் வைக்காம வாங்கோ." அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு அளவு முக்கியமில்லை. அந்தப் புல்லைவிட்டு வெளியே போனால் போதும். பக்கத்தில் ஒரு தண்டு அசைந்தாலும் அங்கே திரும்பினேன்.

"நாலு!"

"நாலு, போ."

"ஐஞ்சு!"

"ஐஞ்சு, போ."

ஐந்தாவது கம்பியடிக்கு வந்து நின்றேன். வலப்பக்கம் எங்கோ ஒரு மரக்கிளை முறிந்த சத்தம். நான் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது முன்னாலிருந்து குரல் வந்தது.

"ஆறு, ஐயா!"

புத்தகத்தில் 6 என்று எழுதினேன். "ஆறு, போ!"

அவர் போகவில்லை. மறுபடியும், இந்த முறை இன்னும் உரக்க: "ஆறு, ஐயா! ஆறு!"

எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. யானை கேட்கப்போகிறது, இந்த ஆள் ஒரே எண்ணை மூன்று தரம் கத்துகிறான். "ஓம், ஆறுதான்! விளங்குது! போ! கெதியாப் போ!"

என் கையில் சங்கிலி தளர்ந்து கிடந்தது. பாதிச் சங்கிலி புல்லில் பாம்புபோல் நெளிந்து கிடந்ததைக் கண்ணால் பார்த்தும் நான் அதைப் பார்க்கவில்லை. முழுச் சங்கிலியும் நீளாமல் எந்தச் சங்கிலிக்காரனும் எண் சொல்லமாட்டான். சங்கிலி தளர்வாக இருப்பது என் கைக்குத் தெரியும், அதனால் தான் சொல்வது எண் அல்ல, எதிரே வந்திருக்கும் ஆறு என்று எனக்கு விளங்கியிருக்கும் என்றுதான் கணபதியர் நம்பியிருக்கிறார். அவர் என் கையை நம்பினார். நான் என் காதை நம்பினேன்.

தளர்ந்து கிடந்த சங்கிலி மெல்ல ஓடத் தொடங்கியது. ஓடி முடிந்ததும் ஒரே வெட்டு. தோள் கழன்றதுபோல் இருந்தது. முகம் குப்புற விழுந்தேன். பிடி என்னை இழுத்துக்கொண்டு போனது. முள், வேர், வெட்டிய புல்லின் கூர் எல்லாம் முகத்தில் கிழித்தன. யானைதான் கணபதியரைத் தூக்கிவிட்டது என்று நினைத்தேன். பிடியை விட்டுவிட்டு ஓட நினைத்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். விடவில்லை, அது என் துணிவு அல்ல. பிடிக்குள் விரல்கள் அகப்பட்டிருந்தன.

முந்திய வருஷம் வெட்டிய ஒரு பாலைக் கன்றின் அடிக்கட்டை நெஞ்சில் இடித்தது. பிடியை அதில் கொளுவிவிட்டேன். கட்டை அசைந்தது, பெயரவில்லை. பிறகுதான் தண்ணீரின் இரைச்சல் கேட்டது. அவ்வளவு நேரமும் அது இரைந்துகொண்டுதான் இருந்திருக்க வேண்டும். யானைச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்திருந்த எனக்கு அது கேட்கவேயில்லை.

சங்கிலியைப் பிடித்துக்கொண்டே தவழ்ந்து போனேன். புல் முடிந்த இடத்தில் நிலமும் முடிந்தது. கீழே மண்ணிறத் தண்ணீர், மரங்களை உருட்டிக்கொண்டு போனது. சங்கிலி விறைத்து நடுங்கியபடி தண்ணீருக்குள் இறங்கியது. அதன் நுனியில் ஒரு தலை தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது. கணபதியர் சங்கிலியை இடது கையில் சுற்றியிருந்தார்.

"விடாதே!" என்று கத்தினேன். "கணபதி, விடாதே!"

எங்கள் சங்கிலியில் பத்துக் கண்ணிக்கு ஒரு பித்தளைத் தகடு தொங்கும். முனையிலிருந்து நடுவுக்கு ஒரு பல், இரண்டு பல், மூன்று, நாலு. நடுவில் வட்டத் தகடு. மறு பாதியில் அதே வரிசை இறங்கும். கரையில் என் கைக்குக் கிடைத்தது நடுவிலுள்ள வட்டத் தகடு. அதற்கப்பால் அரைச் சங்கிலி நீளத்துக்குத் தண்ணீரும் அதன் முடிவில் ஒரு மனிதனும். இரண்டு குதிகாலையும் வேரில் முட்டுக்கொடுத்து இழுத்தேன். நாலு பல் வந்தது. உள்ளங்கை கிழிந்து சங்கிலி வழுக்கியது. சட்டையைக் கழற்றிச் சுற்றிக்கொண்டு இழுத்தேன். மூன்று பல் வர எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. இரண்டு பல். அப்போது ஒரு முழு மரம் உருண்டு வந்தது. அது அவரைத் தாண்டிப் போகும் வரை நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு பல். பிறகு அவர் கை.

கரையில் கிடத்தினேன். தண்ணீரைக் கக்கினார். இடது கையில் சங்கிலி இறைச்சிக்குள் புதைந்திருந்தது. இரண்டு விரல்கள் தோலில் மட்டும் தொங்கின. வெகுநேரம் கழித்து என்னைப் பார்த்துச் சொன்னார். குரலில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது.

"ஆறு எண்டு சொன்னனான் ஐயா. மூண்டு தரம் சொன்னனான். நீங்கள் போ எண்டீங்கள்."

அப்போதுதான் விளங்கியது. ஐந்தும் ஒன்று எதற்கென்றும் அப்போதுதான் விளங்கியது. மூடநம்பிக்கையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஆற்றுக்கும் எண்ணுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிற மொழியில், ஆளை ஆள் காணாத காட்டில் வேலை செய்கிறவர்கள் தங்கள் உயிருக்கு வைத்திருந்த காவல் அது. அதை எடுத்தவன் நான்.

அவரைத் தோளில் தாங்கி முகாமுக்கு நடந்தேன். போகிற வழி முழுக்க எனக்கு வேறு பயம் பிடித்தது. நான் இன்னும் புரொபேஷனில் இருந்தவன். இது வெளியே வந்தால் வேலை போய்விடும். முகாமில் கேட்டவர்களுக்கு, "கத்தி வழுக்கிக் கையில வெட்டிப்போட்டுது. கழுவப் போய்த் தண்ணிக்குள்ள விழுந்திட்டான்" என்றேன். கணபதியர் அதைக் கேட்டார். மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மாட்டுவண்டியில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அறிக்கையிலும் கத்தி என்றே எழுதினேன். அளவுப் புத்தகத்தில் இருந்த 6-ஐ ரப்பரால் அழித்து, ஆறு வருகிற தூரத்தை உத்தேசமாக எழுதினேன். செல்லையாவுக்குக் காய்ச்சல் விட்டதும் ஆழம் குறைந்த இடத்தால் அக்கரைக்குப் போய், அதே சங்கிலியால் இன்னும் எட்டு நாள் அளந்தேன்.

கொழும்புக்கு வந்து சேர்ந்த காலை மத்தியாஸ் ஐயா சப்பாத்தைக் கழற்றினார். சங்கிலியை இரண்டு கற்களுக்குமிடையே நீட்டினோம். கல்லைத் தாண்டி ஏறக்குறைய ஒரு சாண் நீண்டு கிடந்தது.

அவர் குனிந்து ஒவ்வொரு வளையமாகத் தடவினார். அநேகமாக எல்லாம் வாய் திறந்திருந்தன. நிமிர்ந்து ஒரு கராம்பை வாயில் போட்டார்.

"நீங்கள் இதால என்னத்தை இழுத்தனீங்கள்?"

நீங்கள் என்றார். "காட்டில சிக்கிப்போட்டுது ஐயா" என்றேன்.

"எண்டைக்கு?"

அந்தக் கேள்விக்கு என்னால் பொய் சொல்ல முடியவில்லை. எந்த நாள் என்று தெரிந்தால்தான் அதற்குப் பின் அளந்த ஒவ்வொரு அளவும் பிழை என்று கழிக்கலாம். தெரியாவிட்டால் அந்தப் பிழை அப்படியே வரைபடத்துக்குப் போகும், வரைபடத்திலிருந்து வேலிக்குப் போகும், இரண்டு குடும்பம் அந்த வேலியில் வெட்டிக்கொண்டு சாகும். நாளைச் சொன்னேன். அவர் அளவுப் புத்தகத்தை வாங்கி அந்தத் தாளைத் திருப்பினார். கண்ணாடியைப் போடவில்லை. பெருவிரலால் தாளை மெல்லத் தடவிக்கொண்டே வந்தார். ரப்பர் தேய்த்த இடத்தில் விரல் நின்றது.

"இதில முதல் என்ன இருந்தது?"

"ஆறு, ஐயா."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"எந்த ஆறு?"

முற்றத்தின் நடுவில் நின்று அழுதேன். எல்லாவற்றையும் சொன்னேன்: ஐந்தும் ஒன்றை நிறுத்தியது, யானைக்குப் பயந்தது, மூன்று தரம் கத்தினது, பிடியை விட்டு ஓட நினைத்தது, கத்தி என்று எழுதினது. கேட்டு முடித்தபின் அவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டார்.

"அறிக்கையைத் திருப்பி எழுதும். புரொபேஷன் இன்னொரு வருஷம் நீளும். அதை நான் தடுக்கமாட்டன். பிறகு போய் அந்தக் கோட்டைத் திரும்ப அளந்துகொண்டு வாரும். கணபதி வருவாரெண்டா அவரையும் கூட்டிக்கொண்டு போம். வரமாட்டனெண்டா அதையும் வந்து சொல்லும்."

"நீர்" திரும்பி வந்திருந்தது. வேலை தப்பியது. ஆனால் அந்த ஆற்றுக்குத் திரும்பப் போக வேண்டும் என்ற நினைப்பில் பல நாள் சோறு இறங்கவில்லை.

பங்குனிக் கடைசியில் போனேன். கணபதியர் வரமாட்டார் என்று நம்பினேன். வரக்கூடாது என்றுகூட விரும்பினேன். அவரைப் பார்க்கத் தைரியமில்லை. அவர் வந்தார். இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை. அறிக்கையைத் திருத்தி எழுதிவிட்டேன், பிழை என்னுடையது என்று எழுதிவிட்டேன் என்று சொன்னேன். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன். அவரை நான் முதன்முதலாக மரியாதையாகப் பேசியது அப்போதுதான். அவர் தலையை ஆட்டினார். மன்னித்தாரா, இல்லையா என்று அந்தத் தலையாட்டலில் தெரியவில்லை.

கம்பிகளையும் சங்கிலியையும் சேர்த்துப் பிடிக்க அவர் கையால் முடியாது. ஆகவே முன் பிடியை நான் எடுத்துக்கொண்டேன். பின் பிடி அவரிடம். கத்தியால் வெட்டிக்கொண்டு அதே புல்லுக்குள் நான் முன்னே போனேன். திரும்பிப் பார்த்தால் அவர் தெரியவில்லை. அவருக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று அன்றுதான் என் உடம்புக்குத் தெரிந்தது.

நாலு சொன்னேன், "நாலு, போங்கோ" என்று வந்தது. ஐந்து சொன்னேன், "ஐஞ்சு, போங்கோ" என்று வந்தது. பாதிச் சங்கிலி நடந்தேன். புல் முடிந்தது. அங்கேயே நின்றுவிட்டேன். எதிரே என்ன இருக்கிறது என்று நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. என்னையறியாமல் தொண்டை கிழியக் கத்தினேன்.

"ஆறு!"

பின்னால் சத்தமில்லை. போங்கோ என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சொன்னால் இறங்குவது என்று முடிவு செய்தேன். அவருக்கு அந்த உரிமை இருந்தது.

புல்லுக்குள் கிடந்த சங்கிலி சரசரத்தது; பின்னாலிருந்து அவர் தன் பிடியை மெல்ல ஒருமுறை இழுத்துப் பார்த்தார். தளர்வாக இருப்பதைக் கையால் பார்த்திருக்கிறார். பிறகு குரல் வந்தது.

"நில்லுங்கோ ஐயா. நான் வந்து பாக்கிறன்."

புல்லை விலக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார். கீழே கணுக்கால் அளவுத் தண்ணீர், மணல் தெரிய ஓடிக்கொண்டிருந்தது. ஆழமான ஆற்றைப் பார்ப்பதுபோல் மேலும் கீழும் அதை நிதானமாகப் பார்த்தார்.

"இப்ப போகலாம் ஐயா" என்றார்.